கம்பெனியைத் தொடங்கியது யார்?

கம்பெனி வரலாற்றின் முதல் பக்கத்தை மூன்றாவது தடவையாகக் கிழித்துப்போட்டார் சண்முகலிங்கம் முதலாளி.

"தேங்காய் உடைச்சுத்தான் கடை திறந்தது. ஓதினது பிறகு. மாத்தி எழுதும், பாலசுந்தரம்."

அடுத்த அறையிலிருந்த தாஸிம் முதலாளியோ, பாத்திஹா ஓதி முடிந்த பிறகுதான் தேங்காயே வந்தது என்று சாதித்திருந்தார். கொச்சிக்கடையில் மோட்டார் சாமான் விற்று, துறைமுகத்துச் சரக்கை லொறியில் ஏற்றி இறக்கும் அந்தக் கம்பெனிக்கு 1938இல் இருபத்தைந்து வயது. விழா மலருக்கு வரலாறு எழுதும் வேலை கிளாக்கர் பாலசுந்தரத்தின் தலையில் விழுந்தது. இரண்டு முதலாளிமாரும் ஒத்துக்கொண்டால் உத்தியோகம் நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டை முடிச்சோடு யாழ்ப்பாண ரயில். மனைவி ஜெகதீஸ்வரி அது நிரந்தரமாகிவிட்டதென்று வெள்ளவத்தை முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். பாவம், மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். இடப்பக்கம் சண்முகலிங்கம், வலப்பக்கம் தாஸிம். தமிழ் வாசிப்பவருக்கு இடப்பக்கம் முதல். குர்ஆன் ஓதிப் பழகியவருக்கு வலப்பக்கம் முதல். இருவருக்கும் பரம சந்தோஷம். மத்தியானச் சாப்பாட்டில் அந்தச் சந்தோஷத்தை ஒருவருக்கொருவர் விளக்கிவிட்டார்கள். பின்னேரமே கம்பெனியை இரண்டாகப் பிரிக்கிற பேச்சு தொடங்கிவிட்டது.

வருவது வரட்டும் என்று பாலசுந்தரம் ஒரு வெள்ளைக்காரனைப் படைத்தார். வில்மட் துரை. கம்பெனியைத் தொடங்கியவர் அவர்தான். முதலாளிமார் இருவரும் அவரிடம் வேலை பார்த்தவர்கள். ஊருக்குத் திரும்பும்போது கப்பலிலேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனார். செத்தவனோடு யார் சண்டை பிடிப்பது?

முதலாளிமார் வாசித்தார்கள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தார். சண்முகலிங்கம் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நல்லாயிருக்கு. இப்பிடியே ஈக்கட்டும்," என்றார் தாஸிம்.

பாலசுந்தரத்துக்குப் போன உயிர் வந்தது. மறுநாளே திரும்பவும் போனது. துரைக்கு யாரில் அதிகப் பட்சம் என்று புதுச் சண்டை. துரை தன் தோளைப் பிடித்துத்தான் படியிறங்குவார் என்றார் ஒருவர். அவருடைய நொண்டிக் காலுக்கு எண்ணெய் தடவியதே நான்தான் என்றார் மற்றவர். இல்லாத மனுசனுக்கு இவ்வளவு புளுகா என்று பாலசுந்தரமே வெட்கப்பட்டார். கடைசியில், விழாவில் துரையைப் பற்றி டிரைவர் ஹுசைன் பேசட்டும் என்று முடிவாயிற்று. ஹுசைன் கம்பெனியில் முதல் நாளிலிருந்தே இருப்பவர். தலை போனாலும் பொய் சொல்லாதவர்.

விழாவன்று ஹுசைன் எழும்பும்போது பாலசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார்.

துரை தங்கமான மனுசன், அவருடைய கார் ஓட்டினது தான்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு ஹுசைன் உட்கார்ந்தார். கைதட்டலோடு நிரந்தர நியமனக் கடிதமும் பாலசுந்தரத்தின் கைக்கு வந்தது.

விழா முடிந்ததும் லொறிக்குப் பின்னால் ஹுசைனைப் பிடித்துக்கொண்டார் பாலசுந்தரம். கண் கலங்கிவிட்டது.

"ஹுசைன் நானா, எனக்காக இப்பிடியொரு பொய்யைச் சொல்லிப்போட்டியளே."

"பொய்யா? துரைட பேரையும் கப்பல்ல மவுத்தானதையும் விட்டா, மத்ததெல்லாம் நீங்க சரியாத்தானே எழுதியிருக்கீங்க, கிளாக்கர் ஐயா."