மந்திரியான டீக்கனார்

டாக்கி என்கிற பேசும்படம் பார்க்கிறவனுக்கும், டாக்கியில் வேலை பார்க்கிறவனுக்கும் சபையில் கல்யாண ஓலை வாசிக்கக் கூடாது. தக்கலைப் பக்கத்துச் சின்னக் கிறிஸ்தவ சபை ஒன்றில் முப்பத்தாறாம் வருஷம் இப்படி ஒரு தீர்மானம் நிறைவேறியது. கொண்டு வந்தவர் டீக்கன் ஏசுஅடிமை. வாரத்தில் ஆறு நாள் அவர் தக்கலைத் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. மனுக்களைத் தள்ளுபடி செய்து பழகிய கை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சும்மா இருக்குமா?

தீர்மானத்தில் மை காயவில்லை. அவர் மனைவி பூங்கனியின் தம்பி சுந்தரராஜிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. தச்சுவேலை தேடிச் சென்னைக்குப் போன பயல். நல்ல இடத்தில் வேலை கிடைத்துவிட்டதாம். எங்கே? டாக்கிப் படம் பிடிக்கிற ஸ்டூடியோவில். அவனுக்குத் திருவட்டாற்றில் பெண் பேசி முடித்தாகிவிட்டது. இனி மூன்று ஞாயிறு மாப்பிள்ளையின் சபையில் பெயர் வாசித்தால்தான் கல்யாணம் நடக்கும். மாப்பிள்ளையின் சபையோ ஏசுஅடிமையின் சபை.

அன்றிலிருந்து வீட்டில் அவருக்குக் கஞ்சி ஆறித்தான் வந்தது.

"இஞ்ச பாருங்க. தம்பிக்க ஓலைய எப்பம் வாசிப்பிய?"

"வாசிக்க ஒக்காது. தீர்மானம் இருக்கு."

"தீர்மானத்தப் போட்டது யாரு?"

"சபை."

"சபையில யாரு?"

ஏசுஅடிமை மீசையைத் தடவினார். "நான்தான். அதுக்கென்ன?"

"போட்டவியதான எடுக்கணும்? எடுத்திருங்க."

"ஏட்டி, தீர்மானம் என்ன முத்தத்துல காயப்போட்ட நெல்லா, மழை வந்தா வாரி எடுக்கதுக்கு?"

"எனக்க தம்பி என்ன ஆட்டமா ஆடுகான்? பலகைல்லா அறுக்கான்!"

"அது சாத்தானுக்க பலகையாக்கும்."

"நீங்க கண்டியளா?"

"காணணுமா?"

"கச்சேரியில எடத்தப் போய்ப் பாக்காம உத்தரவு போடுவியளா? ஒரு வரப்புத் தகராறுன்னாலும் சங்கிலியத் தூக்கிட்டு அளக்கப் போறியல்லா?"

கச்சேரி வழக்கத்தைக் கொண்டே கச்சேரிக்காரனை மடக்கினால் அவர் எங்கே போய் முட்டிக்கொள்வார்? எரிச்சலோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியது. அதை ஒளிப்பானேன்? படம் எப்படிப் பேசுகிறது என்ற கேள்வி ஒரு வருஷமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது. துணித்திரையில் தெரிகிற ராஜா வாயைத் திறந்தால் சத்தம் எங்கிருந்து வருகிறது? யாரிடம் கேட்பது? டீக்கனார் கேட்கிற கேள்வியா அது? இப்போது வழி தானாகத் திறந்தது. விசாரணை அதிகாரியாகப் போகலாம். எல்லாவற்றையும் கண் நிறையப் பார்க்கலாம். திரும்பி வந்து, "பாவம் இருக்கிறது, தீர்மானம் நிற்கிறது" என்று சொல்லிவிடலாம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. இரண்டும் கிடைக்கிற யோகம் யாருக்கு வரும்?

"ஒனக்காகத்தான் சென்னைக்கு வாறேன்" என்றார் மனைவியிடம். "அங்க ஒரு பாவத்தக் கண்டாலும் நீ பெறகு வாயத் தொறக்கப்படாது."

"தொறக்க மாட்டேன்" என்றாள் பூங்கனி. உடனே உட்கார்ந்து தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினாள். நாலு பக்கம். வருகிற நாளைச் சொல்ல நாலு பக்கம் எதற்கு என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

திருநெல்வேலி வரை பஸ். அங்கிருந்து ரயில். பூங்கனி ஓலைப்பெட்டி நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம் சுட்டுக் கொண்டுவந்தாள். வழி முழுக்க அவருக்கு அதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "அது தம்பிக்கு" என்றாள். விழுப்புரத்தில் ஒருமுறை பெட்டிப் பக்கம் கை போனது. கண்ணைத் திறக்காமலே தட்டிவிட்டாள்.

ஸ்டூடியோ ஒரு பெரிய மாந்தோப்பு. வாசலில் சுந்தரராஜ் காதில் பென்சிலோடு நின்றான். "வாங்க அத்தான்" என்று உள்ளே அழைத்துப் போனான். ஏசுஅடிமை முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். விசாரணை ஆரம்பம்.

முதலில் அரண்மனை. சலவைக்கல் தூண்கள் வரிசையாக நின்றன. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதரல்லவா? மதிப்பாகத் தூணைத் தட்டிப் பார்த்தார். டொக் என்றது. பின்னால் போய்ப் பார்த்தார். பின்பக்கமே இல்லை. நாலு மூங்கிலும் சணல் சாக்கும்தான்.

"எலே, இது முழுக்கப் பொய்யில்லா?"

"பொய்யில்ல அத்தான், தேக்குப் பலகை. மேல சுண்ணாம்பு. நான்தான் செய்தேன்."

அடுத்தது மலையருவி. சீலையில் எழுதிய மலை. மேலே பரண் கட்டி நாலு பேர் பீப்பாய்த் தண்ணீரைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். திற்பரப்பு அருவியில் குளித்தவருக்கு அதைப் பார்க்கப் பொறுக்குமா? "இதுல ஒரு எருமை குளிக்குமா?" என்று சீறினார். ஒரு செடி மறைவில் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் குந்தியிருந்தார்கள். ராஜகுமாரி பாடும்போது படத்தில் முகம் தெரியாமல் அங்கிருந்துதான் வாசிக்க வேண்டுமாம். மரத்தடியில் ஒருவன் துப்பாக்கியோடு நின்றான். காக்கை கரைந்தால் அந்தச் சத்தமும் படத்தில் ஏறிவிடும்; அதை விரட்டுவதற்கென்றே சம்பளத்துக்கு ஓர் ஆள்!

ஏசுஅடிமை கேள்வி கேட்டுக் கேட்டு ஓய்ந்தார். கடுமையாக வைத்திருந்த முகம் எப்போது கழன்று விழுந்தது என்று அவருக்கே தெரியாது. வாயைப் பிளந்துகொண்டு நடந்தார். பூங்கனி பின்னாலேயே வந்தாள். அவள் தூணையும் பார்க்கவில்லை, அருவியையும் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது டைரக்டர் வந்தார். கையில் முந்திரிக்கொத்து. ஏசுஅடிமையை மேலும் கீழும் பார்த்தார்.

"சுந்தரராஜ், யாரப்பா இவர்? என்ன மீசை! என்ன கம்பீரம்! மந்திரி வேஷக்காரருக்குக் காய்ச்சல்னு நான் தலையைப் பிச்சுண்டு நிக்கறேன். சார், நீங்கதான் காப்பாத்தணும்."

"நான் சபை டீக்கன். அது நடக்காது" என்றார் ஏசுஅடிமை. "நான் கச்சேரி உத்தியோகஸ்தன்" என்றார். "ஊரில் தெரிந்தால் முகத்தில் விழிக்க முடியாது" என்றார். இப்படி மூன்று முறை மறுத்தார். நாலாம் முறை மறுக்க வாயைத் திறப்பதற்குள் ஜரிகைத் தலைப்பாகை தலையில் ஏறிவிட்டது.

முகத்துக்கு மஞ்சள் பூச்சு. காதில் கடுக்கன். கழுத்தில் கண்ணாடி மணி மாலை. கடைசியாக ஒரு பையன் நெற்றியில் பட்டையாகத் திருநீறு இழுத்தான். அந்த நேரம் ஏசுஅடிமை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். காணாத காரியத்துக்குச் சாட்சி சொல்ல முடியாது என்பது கச்சேரி நியாயம். படம் பிடிக்கிற பெட்டிக்கு எதிரே, சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். எதிரே ஒருத்தி சலங்கை கட்டி ஆடினாள். ஆட்டம் முடிந்ததும் ராஜா கையை உயர்த்துவார். மந்திரி, "ஆகட்டும் மன்னா!" என்று சொல்லி வணங்க வேண்டும். அவ்வளவுதான்.

முதல் தடவை, "ஆட்டும் மன்னா" என்றார். தக்கலை நாக்கு. இரண்டாம் தடவை மாலை தாடையில் மாட்டிக்கொண்டது. மூன்றாம் தடவை சரியாக வந்தது. "பிரமாதம்!" என்றார் டைரக்டர். "இன்னொரு தரம்!" ஏழு தரம் நடந்தது. எட்டாவது தரத்துக்கும் ஏசுஅடிமை தயாராகத்தான் இருந்தார். அவர்கள்தான் போதும் என்றுவிட்டார்கள்.

ரயில் செங்கற்பட்டைத் தாண்டிய பிறகுதான் அவருக்குச் சுயபுத்தி வந்தது.

"ஏட்டி, ஒரு மனுஷர்ட்டயும் மூச்சு விடப்படாது."

"விட மாட்டேன்."

"சத்தியமா?"

"ஒரு மனுஷர்ட்டயும் பறய மாட்டேன். போதுமா? தம்பிக்க ஓலை?"

"பாவம் இருக்கு. நான் கண்ணால கண்டேன். தீர்மானம் நிக்கும்."

"செரி" என்றாள் பூங்கனி.

பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படி ஒரே வார்த்தையில் சரி சொன்னதில்லை. ஏசுஅடிமைக்குச் சந்தேகம் தட்டியது.

சந்தேகம் வீண்போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் டீக்கன்மார் கூட்டத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அடுக்களையில், ஊரில் சக்கைப்பழம் என்கிற பெரிய வருக்கைப் பலா ஒன்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஒரு துண்டுக் காகிதம்.

ஸ்தோத்திரக் காணிக்கை! பிரயாணம் போய் வந்தாலும், பசு கன்று போட்டாலும், பையன் பரீட்சையில் தேறினாலும் சபையில் காணிக்கை வைப்பது வழக்கம். எதற்காக என்று துண்டுக் காகிதத்தில் எழுதி வைப்பார்கள். அதை உபதேசியார் நேசையன் சபை நடுவே உரக்க வாசிப்பார். எழுதியது எதுவானாலும் வாசிப்பார். ஒருமுறை யாரோ "மறுபக்கம் பார்க்க" என்று எழுதியிருந்தார்கள். அதையும் வாசித்தார். சபையே கழுத்தைத் திருப்பி மறுபக்கம் பார்த்தது.

ஏசுஅடிமை காகிதத்தை எடுத்தார். படித்தார்.

"சென்னைக்குச் சுகமாய்ப் போய் வந்ததற்கும், என் புருஷன் டீக்கன் ஏசுஅடிமை டாக்கி ஸ்டூடியோவில் நெற்றியில் திருநீறு பூசி, மந்திரி வேஷம் கட்டி, ஆட்டக்காரிக்கு முன்னே ஏழு தரம் 'ஆகட்டும் மன்னா' என்று சொல்லியும் ஒரு சேதமும் இல்லாமல் திரும்பி வந்ததற்கும் ஸ்தோத்திரம். சக்கைப்பழம் ஒன்று."

"ஏட்டீ! ஒருத்தர்ட்டயும் பறய மாட்டேன்னு சத்தியம் செய்தியே!"

"மனுஷர்ட்ட பறய மாட்டேன்னாக்கும் சத்தியம் செய்தேன். இது கர்த்தருக்கு எழுதினது."

"அவருக்கு இது தெரியாதா? நீ எழுதித்தான் தெரியணுமா?"

"தெரிஞ்சிருக்கும். அதுக்காக நன்றி சொல்லண்டாமா?"

"நேசையன் வாசிச்சா எனக்க கதி என்னவாகும்? அடுத்த மாசம் டீக்கன் தேர்தலு வருகு!"

"அது ஒங்களுக்க காரியம். கூட்டத்துக்கு நேரமாச்சு, போயிட்டு வாங்க. வந்த பெறவு வேணும்னா வேற துண்டு எழுதுகேன்."

ஏசுஅடிமை போனார். அன்றைக்குப் பேசிய பேச்சை அவர் அதுவரை பேசியதில்லை. தச்சுவேலை எப்பேர்ப்பட்ட வேலை, நம் ஆண்டவரே செய்த வேலை அல்லவா என்று உருகினார். அங்கே மூங்கிலையும் சாக்கையும் தவிர ஒரு பாவத்தையும் தாம் காணவில்லை என்றார். மற்றொரு டீக்கன் ராஜமணிக்குத் தலை சுற்றியது. "ஓய், தீர்மானத்தக் கொண்டு வந்ததே நீருதானே?" என்று கேட்டார். "கொண்டு வந்தவன்தான் எடுக்கணும்" என்றார் ஏசுஅடிமை. யாரிடம் கேட்ட நியாயம் என்று சொல்லவில்லை. வேலை பார்ப்பது, படம் பார்ப்பது இரண்டுக்கும் தடை நீங்கியது.

மறுநாள் சுந்தரராஜின் பெயர் முதல் தடவையாக வாசிக்கப்பட்டது. பிறகு நேசையன் காணிக்கைத் துண்டைக் கையில் எடுத்தார். ஏசுஅடிமைக்கு மூச்சு நின்றது. "சென்னைப் பிரயாணம் சுகமாய் முடிந்ததற்காக, சக்கைப்பழம் ஒன்று." மூச்சு வந்தது. பூங்கனி பெண்கள் பக்கத்தில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. ஏசுஅடிமை டீக்கனாகவே நீடித்தார்.

இதோடு அவர் சும்மா இருந்திருக்கலாம். மனிதர் இருப்பாரா?

தடை போனதும் பயம் போயிற்று. பயம் போன இடத்தில் பெருமை வந்து உட்கார்ந்தது. எந்த ரகசியத்துக்காகத் தீர்மானத்தையே விழுங்கினாரோ அந்த ரகசியத்தை முதலில் ராஜமணியின் காதில் போட்டார். பிறகு கச்சேரியில் சொன்னார். பிறகு பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடமெல்லாம் சொன்னார். ஏழு தரம் எழுபது தரமாயிற்று. ராஜாவே அவரிடம் யோசனை கேட்டுத்தான் நடித்தாராம். எட்டு மாதம் கழித்து அந்தப் படம் நாகர்கோவிலுக்கு வந்தது. ராஜமணி, நேசையன், கச்சேரிச் சிநேகிதர்கள் என்று பன்னிரண்டு பேரை ஒரு பஸ்ஸில் ஏற்றி, தாமே கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காரவைத்தார்.

தூண் வந்தது. அருவி வந்தது. "இப்பம் பாரும், இப்பம் பாரும்" என்று ராஜமணியின் தொடையில் தட்டினார். சலங்கைக்காரி ஆடினாள். ராஜா கையை உயர்த்தினார். மந்திரி வணங்கினார். தொந்தியும் மொட்டை மீசையுமாக யாரோ ஒரு மந்திரி.

திரும்பி வருகிற வழி முழுக்கப் பன்னிரண்டு பேரும் அருவியைப் பற்றியே பேசினார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மறுநாள் கச்சேரிக்குள் நுழைந்ததும் ஒருவர் எழுந்து, "வாங்க மந்திரி" என்றார். சாயங்காலத்துக்குள் தக்கலைக் கடைத்தெருவுக்கே அந்தப் பெயர் தெரிந்துவிட்டது.

அந்த வாரம் சுந்தரராஜ் ஊருக்கு வந்தான். ஏசுஅடிமை அவனை மாட்டுக்கொட்டில் பக்கம் தனியாக இழுத்துப் போனார்.

"எலே, அந்த மந்திரிக்குக் காய்ச்சல்னுதானே சொன்னாரு? எனக்க படம் எங்கலே?"

"காய்ச்சலெல்லாம் இல்ல அத்தான். அவரு மத்தியானத்துக்கு மேலதான் வருவாரு. காலையில ஒத்திகை பாக்க ஒரு ஆளு வேணும். அக்கா கடிதாசியில கேட்டிருந்தா, நான் டைரக்டர்ட்ட சொன்னேன்."

"ஒத்திகையா? அப்பம் அந்தப் பெட்டியில என்னைப் பிடிச்சது?"

"பெட்டியில பிலிமே இல்ல அத்தான்."

"ஏம்லே போடல்ல?"

சுந்தரராஜ் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அக்கா கண்டிப்பா எழுதியிருந்தாளே, அத்தான். வேஷம் மட்டும் கெட்டிவிடு, பிலிம் போட்டிராதே, நாலு பேருக்கு முன்னால அத்தானுக்க மானம் போகப்படாதுன்னு."