கரண்ட் போனால் எங்கள் வீடும் இருட்டுதான்

அன்பும் மரியாதையும் உள்ள அத்தானுக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. இங்கு அக்காவும் அப்பாவும் நானும் நலம். மொட்டைமாடியில் நீங்கள் வைத்துக் கொடுத்த சோலார் பேனல்களும் நலம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அப்பா பாதியில் பிடுங்கிக்கொள்கிறார், அதனால் கடிதம். விஷயம் ஒன்றுதான். "மாப்ளே, உங்கள நல்லா ஏமாத்திட்டானுங்க, எல்லாத்தையும் கழட்டச் சொல்லுங்க" என்று போன வாரம் அவர் சொன்னதை நம்பி எதையும் கழற்றச் சொல்லிவிடாதீர்கள்.

பேனல் வந்த நாளிலிருந்து அப்பா மாடியை விட்டு இறங்கவில்லை. சூடு ஏற ஏற கரண்ட் கூடும் என்று யாரோ சொல்ல, அக்காவின் அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி எடுத்துப்போய் வெயிலைத் திருப்பி அடித்தார். அது பேனலில் படாமல் எதிர்வீட்டு டெய்லரம்மா கண்ணில் பட்டு, அவர் ஊசியில் விரலைக் குத்திக்கொண்டு வந்து சண்டை போட்டார். அதோடு விட்டாரா? "உங்க தட்டெல்லாம் வெயில உறிஞ்சிடுது, என் துணி காயவே மாட்டேங்குது" என்றார். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு கூடினால் கரண்ட் குறையத்தான் செய்யும் என்று நான் சொன்னதை இருவரும் கேட்கவில்லை. மேகம் போட்டால் அப்பா "இன்னைக்கு சோலாருக்கு லீவு" என்று அறிவித்து இஸ்திரிப் பெட்டியை ஒளித்துவைப்பார். நான் கூட்டிப்போய் மீட்டரைக் காட்டினேன். மழைத் தூறலிலும் கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தது. "மீட்டர் ரிப்பேர்" என்றார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம், அத்தான். ஒருநாள் பட்டப்பகலில் தெருவுக்கே கரண்ட் போனது. சோலார் வீட்டில் ஃபேன் ஓடும் என்று அப்பா ஏற்கெனவே தம்பட்டம் அடித்திருந்ததால் எட்டுப் பேர் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஃபேன் அசையவில்லை. "என்ன பெரியவரே, சூரியன் சாப்பிடப் போயிருக்காரா?" என்று டெய்லரம்மா கேட்டதில் அப்பாவுக்கு மானம் போய்விட்டது. அன்றுதான் உங்களுக்கு போன் செய்தார். மறுநாளே, தெருவில் எல்லோரும் 'ஷாக்' என்று கூப்பிடும் எலக்ட்ரீஷியனை வரச்சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மறுபடி கரண்ட் நின்றபோது ஷாக் அண்ணன், பேனல் கரண்டைத் தெரு லைனோடு சேர்க்கும் இன்வெர்ட்டர் பெட்டியைத் திறந்துவைத்திருந்தார். "ஒரே ஒரு வயரு மாமா. மாத்திட்டா ஊரே இருட்டானாலும் உங்க வீடு மட்டும் ஜொலிக்கும்."

"மாத்துப்பா. என் பையன் எங்கயோ கம்பத்துல தொங்கிட்டிருப்பான். வந்து பாத்து அசந்துபோகட்டும்."

லைன் வேலைக்கு நடுவே தண்ணீர் குடிக்க வந்த நான் வாசலில் நின்று இதைக் கேட்டேன். "எங்கயோ இல்லப்பா. நம்ம தெருமுனைக் கம்பத்துலதான் தொங்கிட்டிருந்தேன்" என்றேன்.

லைன் நின்றதும் பெட்டி தானாக அணைவது கோளாறு இல்லை, அத்தான். அணையாவிட்டால் நம் மாடிக் கரண்ட் தெருக் கம்பிக்குப் போகும். செத்த கம்பி என்று நம்பி அதில் கை வைப்பவன் என்னைப் போன்ற ஒப்பந்தக்கூலி. எங்கள் ஆறு பேருக்கு ரப்பர் கையுறை ஒரே ஜோடி, அதிலும் இடதுகையில் ஓட்டை. புதிது கேட்டால் "பாத்து ஏறுப்பா" என்கிறார் சூப்பர்வைசர். பார்த்தால் தெரிவதற்குக் கரண்ட் என்ன சிவப்புச் சட்டையா போட்டிருக்கிறது? எங்களைக் காப்பாற்ற எந்த அதிகாரியும் செய்யாததை அந்தத் தகரப்பெட்டி செய்கிறது.

இதையே அப்பாவிடமும் சொன்னேன். உடனே அப்பா ஷாக் அண்ணன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கி அவர் பையில் போட்டு, பையை வாசல்வரை தானே தூக்கிக்கொண்டு போனார். அடுத்தமுறை கரண்ட் போனபோது டெய்லரம்மா வழக்கம்போலக் கேட்க, அப்பா விசிறியால் விசிறிக்கொண்டே சொன்னாராம்: "எங்க வீடு இருட்டா இருந்தா என் பையன் பத்திரமா இருக்கான்னு அர்த்தம்மா."

ஆகவே ஒன்றையும் கழற்ற வேண்டாம். அப்பாவுக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்துவிட்டது; இனி இந்த வீட்டில் சோலாரால் ஒரு தொந்தரவும் இராது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்

பி.கு.: எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். இப்போதுதான் கரண்ட் போனது. கரண்ட் போனால் யார் வீட்டிலும் எதுவும் எரியக்கூடாது என்று அப்பா முடிவுகட்டிவிட்டார். டெய்லரம்மாவின் டார்ச்சைப் பிடுங்கி அணைத்தாகிவிட்டது. "என் பையன் கம்பத்துல இருக்கான், எல்லாத்தையும் அணைங்க!" என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டு இப்போது என் மெழுகுவர்த்தியை ஊத வந்து நிற்கிறார். நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னால், "நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்கி