மில்ட்ரி வளர்த்த பட்டாளம்

ஆரணியில் காய்ச்சலைப் பார்த்துப் பரிதாபப்பட்ட ஒரே மனிதர் எங்கள் தெரு மில்ட்ரிதான். "தெரியாம என்னாண்ட வந்து மாட்டிகிச்சே" என்பார்.

அவர் ராணுவத்தில் இருந்தவர் இல்லை. தறியில் பழைய பாவு நூல் தீரும்போது புதுப் பாவு நூலை இழை இழையாக முறுக்கி அதோடு சேர்ப்பது அவர் தொழில். அதற்காக வீடு வீடாகப் போவார். ஒரு தடுப்பூசி முகாமில் நர்ஸம்மா சொன்னதைக் கேட்டதிலிருந்து, போன வீட்டிலெல்லாம் உடம்புக்குள் இருக்கும் பட்டாளத்தைப் பற்றித்தான் பேச்சு. மில்ட்ரி என்ற பெயரும் அதில் வந்ததுதான்.

"ரத்தத்துல வெள்ளையா கொஞ்சம் பேரு சுத்திகினு கீறாங்க. யாரு வந்தாலும் மோந்து பாப்பாங்க. நம்மாளுன்னா வுட்ருவாங்க. வேத்தாளுன்னா ஜல்தியா முடிச்சிருவாங்க. ஒருதபா பாத்த மூஞ்சிய மறக்கவே மாட்டாங்க."

"உங்களுக்கே மூக்கு ஒழுவுதே அண்ணா?" என்றேன்.

"அது சளி இல்லப்பா. சண்டைல செத்த பொணம். வெளிய வந்துகினு கீது."

தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் வலியப் போய்ப் பக்கத்தில் உட்காருவார். சும்மா இருந்தால் ஆட்களுக்குத் துருப் பிடித்துவிடுமாம். மாத்திரை என்பதைத் தொட்டதே இல்லை.

ஆனால் அவருக்கு வந்த ரத்தக்கொதிப்புக்குக் கிருமி இல்லை. பட்டாளத்தின் கண்ணில் அது படவில்லை. கொதிப்பு சத்தமில்லாமல் இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது. அவர் மனைவி வள்ளியண்ணி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "அவங்க கிட்னிய உங்க உடம்பு வேற ஆளுன்னு நெனச்சுத் தாக்கும். அத அடக்கி வைக்க ஆயுசுக்கும் மாத்திரை போடணும்."

மில்ட்ரிக்கு அவமானம் தாங்கவில்லை. "இத்தினி வருசமா சோறு ஆக்கிப் போட்டவ. அவளப் போயி வேத்தாளுங்கறானுங்களே!"

அதன்பின் முகக்கவசத்தோடு வீட்டிலேயே இருந்தார். சளி பிடித்தவர்கள் உள்ளே வரக்கூடாது. அவரால் பட்டாளப் பைத்தியம் பிடித்த தெருவோ, எதிர்ப்பு சக்தி ஏற்றுகிறேன் என்று சொம்பு சொம்பாகக் கஷாயம் கொண்டுவந்தது. அண்ணி எல்லாவற்றையும் முருங்கை மரத்தடியில் ஊற்றினார். "இனிமே இந்த மரத்துக்குக் காய்ச்சலே வராது" என்றார்.

மழைக்காலத்தில் மில்ட்ரிக்குக் காய்ச்சல் வந்தது. ஆட்களைத் தூங்க வைத்துவிட்டால் யார் சண்டை போடுவார்கள்? யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். காய்ச்சல் போய்விட்டது. "பாத்தியா? கொஞ்சம் அவுத்து வுட்டேன், அவ்ளோதான்" என்று என்னிடம் ரகசியமாகப் பெருமைப்பட்டார். அப்போதே அவர் கால் வீங்கியிருந்தது. அண்ணியிடம் ஓடிச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் பட்டாளம் அண்ணியின் கிட்னியைக் கண்டுபிடித்திருந்தது.

இப்போது டயாலிசிஸுக்காகத் திருவண்ணாமலைக்குப் போய் வருகிறார். போன வாரம் களம்பூர் ரைஸ்மில் வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் இருவரையும் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார். பழைய பழக்கத்தில், "ஆளுங்க எப்டிக் கீறாங்க அண்ணா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஜெயிச்சிட்டானுங்க" என்றார். "இன்னொன்னு கேக்க அவகிட்டயும் இல்ல."

"சும்மா இருங்க" என்றார் அண்ணி. "அவனுங்களுக்கு இன்னா தெரியும், பாவம்." சொல்லிவிட்டு அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

களம்பூர் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து விசில் ஊதினார். நான் இறங்கவில்லை; திருவண்ணாமலைக்கு ஒரு டிக்கெட் கேட்டேன்.