ஹோர்ஹ் காரின் பின்னிருக்கை

டென்மார்க்கின் பிராண்டே ஊரில் பழைய கார்ச் சங்கத்தினர் கூடும் கொட்டகையில் எவரும் சொல்லாத, எல்லோரும் கைக்கொள்ளும் விதி ஒன்று உண்டு: ஒரு காரில் எது அசல், எது மாற்று என்று வாய்விட்டுக் கேட்கக்கூடாது.

1938ஆம் ஆண்டின் ஜெர்மன் ஹோர்ஹ் திறந்த காரும் அந்த மௌனத்தின் தயவில்தான் மினுங்கிக்கொண்டு நின்றது. எஞ்சினில் பாதி போலந்திலிருந்து வந்தது. மடிப்புக் கூரையைத் தைத்தவர் படகுகளுக்குப் பாய் தைப்பவர். பின்னிருக்கையின் பால்நிறத் தோல் மட்டுமே எவர் கையும் படாத அசல் என்பது அங்கத்தவர்களின் நம்பிக்கை. அந்தத் தோலைப் பராமரிக்கும் பொறுப்பு நவரத்தினத்துடையது.

அந்தத் தோலின் மேல்தான் இப்போது குங்குமச் சிமிழ் குப்புறக் கிடந்தது.

“தவம், கெதியா ஓடி வாரும்!”

மனைவி தவமணி எட்டிப் பார்த்தாள். “என்னப்பா, சீற்றுக்கும் பொட்டு வைச்சிட்டியளே?”

“பகிடி விடாதையும். காருக்கு வைச்ச பூசைத் தட்டிலை கை தட்டுப்பட்டிட்டுது.”

அகதியாக வந்த முதற் பனிக்காலத்தில், டேனிஷ் வகுப்புக்கு நடந்து போகும் வழியில், ஒரு பண்ணைக் களஞ்சியத்துக்குள் வைக்கோல் தூசி மூடிக் கிடந்த இந்தக் காரை நவரத்தினம் கண்டார். காற்றாலை இறக்கைகளை வார்த்தே கழிந்த முப்பது ஆண்டுகளிலும் அதன் நீண்ட முன்மூக்கு அவர் நினைவை விட்டு அகலவில்லை. இன்று பதினொரு மணிக்குக் காரின் பழைய சொந்தக்காரர் மோன்ஸ் வருகிறார். எண்பத்தெட்டு வயதான அவரைப் பின்னால் இருத்தி, ஊரைச் சுற்றி ஓட்டப்போகிறவர் நவரத்தினம். இருக்கையில் ஒரு கீறல் விழுந்தாலும் ஓட்டுவது வேறொருவர் என்று சங்கத் தலைவர் நீல்ஸ் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். நீல்ஸ் சிரித்துக்கொண்டு சொல்வதெல்லாம் சட்டம்.

ஈரத்துணியால் துடைத்தார். உள்ளங்கையளவு இருந்த சிவப்பு தலையணையளவாயிற்று.

“தேசிக்காய் பூசினால் போகும்,” என்ற தவமணி, காரின் முன்சில்லுக்குக் கீழிருந்த எலுமிச்சம்பழத்தை உருவினாள்.

“ஐயோ, அது சில்லுக்கு வைச்சது!”

“பிள்ளையார் கோவிக்கமாட்டார். நீல்ஸ்தான் கோவிப்பான்.”

தேசிக்காய் பட்டதும் தோல் நிறம் மாறியது.

“பாத்தியளே, சிவப்புப் போயிட்டுது!”

“ஓம், மஞ்சள் வந்திட்டுது.”

மஞ்சளைப் போக்கச் சவர்க்காரம் போட்டார்கள். மீண்டும் சிவந்தது. குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் கூடிப் பிறந்தது என்பதையும், புளிப்புக்கு அது மஞ்சளாகவும் காரத்துக்குச் சிவப்பாகவும் மாறும் என்பதையும், ஒரு வரலாற்றுச் சின்னத்தின் மேல் அவர்கள் பத்தே நிமிடத்தில் கற்றுத் தேர்ந்தனர்.

“இனி ஒரே வழிதான். தேசிக்காய்ப் புளியிலை மஞ்சள்தூளைக் கரைச்சு முழுக்கப் பூசுவம்,” என்றாள் தவமணி.

“விசரே உமக்கு?”

“ஒரே நிறமெண்டால் ஆர் கேக்கப் போகினம்? இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம் எண்டு நீங்கள்தானே சொல்லுறனியள்?”

பதினொரு மணிக்கு நீல்ஸ், அங்கத்தவர்கள் சூழ, மோன்ஸைக் கைப்பிடித்து அழைத்துவந்தார். மஞ்சளாய் மின்னிய இருக்கையைக் கண்டதும் நீல்ஸ் நின்றார். மூக்கு ஒருமுறை விரிந்து சுருங்கியது.

“இன்றைக்கு வெயில் நன்றாக இருக்கிறது,” என்றார்.

“வயது ஏறினால்தான் தோலுக்கு இந்தப் பொன்னிறம் வரும்,” என்றார் ஒருவர். மற்றவர்கள் மிகுந்த பக்தியோடு தலையசைத்தனர்.

நவரத்தினத்தால் அந்தப் பாராட்டைத் தாங்க முடியவில்லை. கார்ச் சாவியை நீட்டினார். “நீல்ஸ், நான் ஓட்டவில்லை. அந்த இருக்கை...”

“நவா, சொல்லாதே,” என்று நீல்ஸ் பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தார்.

மோன்ஸ் மெல்ல ஏறி அமர்ந்து கதவின் விளிம்பைத் தடவினார். அவர் குரல் தாழ்ந்து வந்தது. “போர்க்காலத்தில் இதை வைக்கோலுக்குள் ஒளித்து வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கைகளும் நானும் இதற்குள் இருந்து ஹாம்பேர்க் வரை போய்வருவோம். அப்பா வாயாலேயே எஞ்சினை உறுமவைப்பார். சில்லு ஒரு அடிகூட நகராது.”

கொட்டகையில் சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டனர். மோன்ஸ் நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார்.

“சரி, இதிலே எது அசல்?”

ஒருவர் கோப்பிக் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்தார். மற்றவர்கள் நீல்ஸைப் பார்த்தனர். வேறு போக்கிடம் இல்லாமல், அவர் மஞ்சள் இருக்கையின் மேல் கை வைத்தார்.

“இந்தத் தோல். இது மட்டும்.”

மோன்ஸ் கண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“இதுவா? இது எங்கள் ஊர்ப் பல் வைத்தியரின் உடைந்த கதிரையிலிருந்து அப்பா உரித்தது. அசல் தோலை 1943இல் அம்மா வெட்டி எங்கள் மூன்று பேருக்கும் சப்பாத்துத் தைத்தார், அதைப் போட்டுக்கொண்டுதான் நான் முதல் நாள் பள்ளிக்கூடம் போனேன்!”