அப்பர் ஸ்கெல்பி கதவைச் சாத்திய சனிக்கிழமை

சில ஊர்கள் போரில் வென்று பெயர் வாங்கியிருக்கின்றன. சில ஊர்கள் கிரிக்கெட்டில். ஒரு கதவைச் சாத்திப் பெயர் வாங்கிய ஊர் யார்க்‌ஷயரில் அப்பர் ஸ்கெல்பி ஒன்றுதான். அது செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமையா மூன்றாவதா, மழை தூறியதா இல்லையா, எதுவும் இப்போது சரியாக நினைவில்லை. சங்கத்தின் குறிப்பேட்டில் பார்க்கலாம். ஆனால் குறிப்பேடு ஒரு வக்கீலிடம் இருக்கிறது.

குறிப்பேட்டை எழுதியவர் எதெல் ரெய்ஸ்ட்ரிக். தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்றவர். பழஞ்சொல் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளர். மூடுவது, வளைத்துக் கட்டுவது, தொலைப்பது என்ற மூன்று மகத்தான காரியங்களுக்கு அந்த வட்டாரத்தில் மட்டும் நாற்பத்திரண்டு பழைய சொற்கள் இருந்ததைச் சங்கம் கண்டுபிடித்திருந்தது. கதவைச் சாத்தினால் ‘ஸ்டீக்’. வேலி போட்டு அடைத்தால் ‘டைன்’. தவறிவந்த மாட்டை அடைக்கும் கல்பட்டிக்குப் ‘பின்ஃபோல்ட்’. இவை அழிந்துவிட்டால் மனிதகுலம் எதைக்கொண்டு கதவைச் சாத்தும் என்று எதெல் உண்மையாகவே கவலைப்பட்டார்.

எதெலின் அக்கா மேவிஸ், வயல்வெளிக்கு அப்பாலிருந்த முதியோர் இல்லத்தில் இருந்தார். பல பேரை மறந்திருந்தார். நான்கு மணியை மறக்கவில்லை. தினமும் நான்கு மணிக்கு அவர் கணவர் வில்ஃப், ஃபிளாஸ்க்கில் தேநீரோடு, மேஜர் கார்ஸ்டனின் வயல் வழியாக நடந்து போவார். பன்னிரண்டு நிமிடம். சாலை வழியாகச் சுற்றினால் நாலு மைல். பேருந்து நின்று வெகுநாளாயிற்று. வில்ஃபுக்கு முழங்கால் சரியில்லை.

அந்த வயல்வழியை ஊரே பயன்படுத்தியது. பழைய சொந்தக்காரி ஒருநாளும் தடுத்ததில்லை. அடுத்த மே மாதத்தோடு அப்படி நடந்து இருபது வருடம் நிறையும். தடையில்லாமல் இருபது வருடம் ஊரார் நடந்துவிட்டால் அது ஊர்ப்பாதை, பிறகு யாரும் மூட முடியாது. இது எல்லாருக்கும் தெரியும். வயலை வாங்கி ஒரே வருடமான மேஜருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அந்த மேஜர்தான் சங்கத்தின் புரவலரானார். புத்தகம் அச்சடிக்கக் காகிதம் தந்தார். கூட்டத்துக்குத் தன் வீட்டுப் பழக்கேக் தந்தார். பிறகு ஒரு யோசனையும் தந்தார்: சொற்களைக் காகிதத்தில் வைத்தால் போதுமா? ஊர் கூடி, ஒரு நிஜக் கதவை ஒருநாள் முழுவதும் நிஜமாகச் சாத்தி, பழஞ்சொல்லை உரக்கச் சொல்ல வேண்டாமா? கதவுக்கு அலைய வேண்டாம். வயல்வழியில் தன்னுடைய வேலிக்கதவே இருக்கிறது.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஒரே ஒருவர் மட்டும் கேள்வி கேட்டார்.

“சொல்லிட்டு உடனே திறந்துடலாம்ல? எதுக்கு நாள் பூரா?” என்றார் வில்ஃப்.

“பழமைக்கு அரைநாள் மரியாதை போதும்ங்கிறீங்களா?” என்றார் மேஜர், மனம் புண்பட்டவராக.

அரைநாள் மரியாதை யாருக்கும் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவு சாத்தப்பட்டது. அறுபத்தோரு பேர் ‘ஸ்டீக்’ என்று முழங்கினார்கள். பாதிரியார் தொப்பியைக் கழற்றினார். பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். வந்தவர்கள் அனைவரும் குறிப்பேட்டில் கையெழுத்திட்டார்கள். மேஜர் மிக நேர்த்தியான பேனா ஒன்றை அதற்கென்றே கொண்டுவந்திருந்தார்.

நான்கு மணிக்கு வில்ஃப் ஃபிளாஸ்க்கோடு வந்தார். மார்பில் சங்கத்தின் நாடாப் பட்டை குத்திய எதெல் கதவருகே நின்றார்.

“அவ ஜன்னல்ல உக்காந்திருப்பா, எதெல்.”

“ஒரு நாள்தானே அத்தான். நாளைக்குப் போய்க்கலாம். நம்ம விசேஷத்தை நாமளே கெடுக்கலாமா?”

வில்ஃப் கதவைப் பார்த்தார். எதெலின் பட்டையைப் பார்த்தார். “உன் அக்காகிட்ட நீயே சொல்லிக்க” என்று திரும்பி நடந்தார்.

எதெல் கடமை தவறாதவர். குறிப்பேட்டில் எழுதினார்: ‘மாலை 4.00. ஒருவர் வந்தார். வழி மூடப்பட்டிருப்பது தெரிவிக்கப்பட்டது. மறுப்பின்றித் திரும்பினார்.’

அக்டோபரில் கதவில் பூட்டு தொங்கியது. ஊர் கொதித்து எழுந்து மனுக் கொடுத்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி, ஊர்க்கூடத்தில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மேஜரின் வக்கீல் நீட்டிய குறிப்பேட்டிலிருந்து அந்த மூன்று வரியை வாசித்தார். ஒருநாள் தடை என்றாலும் தடைதானாம். இருபது வருடக் கணக்கு அதோடு அறுந்ததாம்.

“இது உங்க கையெழுத்துதானே, அம்மா?” என்று மரியாதையாகக் கேட்டார்.

எதெல் பக்கத்திலிருந்த வில்ஃபைப் பார்த்தார். பிறகு, ஆமாம் என்றார்.

மேஜர் வயலில் வீடுகள் கட்டி விற்றுவிட்டுத் தெற்கே போய்விட்டார். வில்ஃப் ஞாயிறுகளில், யாராவது காரில் ஏற்றிக்கொண்டால், போய் வருகிறார். மேவிஸ் கொஞ்ச நாள் நான்கு மணிக்கு ஜன்னலுக்கு வந்தார், இப்போது வருவதில்லை. எதெல் சங்கத்திலிருந்து விலகிவிட்டார். சங்கத்தின் புத்தகம் இரண்டாம் பதிப்புக் கண்டிருக்கிறது. நாற்பத்திரண்டு சொற்களும் பத்திரமாக இருக்கின்றன, ஒன்றுகூடத் தொலையவில்லை. முதல் பக்கத்தில் படம் இருக்கிறது: சாத்திய கதவு, அதைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் அறுபத்தோரு பேர். மேஜர் அதில் இல்லை.