கிளியனூரில் பெய்த பனி

"சிம்லாவுல பனி பெய்யறது இன்னா பெரிய விஷயம்? கிளியனூர் கோயிலுக்குள்ளயே நான் பெய்ய வெச்சேனே, ஒரே ஒரு கெப்பாசிட்டர்ல!"

அடைக்கலராஜ் இப்படிச் சொன்னதும் திண்டிவனம் வீட்டுக் கூடமே சிரித்தது. மனைவி இருதயசெல்வியின் அண்ணன் ஆன்டனி மட்டும் வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"புளுகு. அப்படி ஒண்ணும் நடக்கல."

"நீயும் அங்கதான மச்சான் நின்னுக்கினு இருந்த?"

"எனக்கு ஞாபகம் இல்ல."

நடந்தது தொண்ணூற்று மூன்று கிறிஸ்மஸுக்கு. டெலிபோன் இலாகாவில் இருந்த அடைக்கலராஜ், கோயிலுக்குத் தன் கையாலேயே ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்தார். பக்தி பாதி, கோயில் உபதேசியார் சவரிராயரின் மகள் இருதயசெல்வி மீதி. ஆனால் ஒத்திகையில் பாட்டுக் கோஷ்டி வாயைத் திறந்ததும், 'கொர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

"இன்னா தம்பி, மேட்டுல லாரி ஏர்ற மாதிரி கீது?" என்றார் உபதேசியார். "கிறிஸ்மஸ் பூசையில இது கேட்டுச்சின்னா, எம் பொண்ண மறந்துடு."

"ரெக்டிஃபயர் சத்தங்க ஐயா. கெப்பாசிட்டர் பத்தல. பெருசா போட்டா அடங்கிடும்."

பெரிதாகப் போட்டார். வீட்டில் வைத்துப் பார்த்தால் பெட்டி பால் குடித்த குழந்தையாய்த் தூங்கியது. கோயிலில் கோஷ்டி பாடியதும், கொர்ர்ர்.

இன்னும் பெரிதாகப் போட்டார். அதை நிரப்பப் பாய்ந்த கரண்டில் டயோடுகள் கருகின. தடித்த டயோடு போட்டார், ஃப்யூஸ் போனது. ஃப்யூஸுக்குப் பதில் ஆணி கனத்துக்குக் கம்பி சுற்றினார். தெருவுக்கே கரண்டு போனது. கொர்ர்ர் மட்டும் போகவில்லை.

கடைசியில் விழுப்புரம் போய், ரேடியோ சாமான் விற்கும் வல்லரசுவிடம், இருப்பதிலேயே பெரியதைக் கேட்டார். பால் சொம்பு அளவில் ஒன்று வந்தது.

"இருவத்தஞ்சு வோல்ட்டு வரிக்கும்தான் தாங்கும் சார். போதுமா?"

"என் டிரான்ஸ்ஃபார்மர் இருவத்திநாலு. ஒன்னு புள்ளி நாலால பெருக்கி டயோடுக்குக் கழிச்சா முப்பத்திரண்டு வரும், தெரியும். ஆனா கோஷ்டி பாடறப்ப லோடுல எறங்கி இருவத்திநாலுலயே நிக்குது. மீட்டர்லயே பாத்துட்டேன்."

"பாடாதப்ப?"

"கிறிஸ்மஸ்ல எவன்யா பாடாம இருப்பான்!"

பூசையில் கோஷ்டி பாடி முடித்தது. சாமியார் சொன்னார்: "இப்போது சற்று நேரம் மௌனமாக ஜெபிப்போம்."

கோயில் அடங்கியது. லோடு இறங்கியது. வோல்டேஜ் முப்பத்திரண்டுக்கு ஏறியது.

டமால்!

அந்தச் சத்தம் பெருமுக்கல் மலை வரை போய், படியேறி இறங்கித் திரும்பி வந்ததாம். குடிலுக்குப் பின்னால் மூடியில்லாமல் வைத்திருந்த பெட்டியிலிருந்து, கெப்பாசிட்டர் வயிற்றில் சுருட்டிக் கிடந்த காகிதமெல்லாம் கூரைக்குப் பறந்து, துகள் துகளாக இறங்கியது. பாலன் இயேசு மேல், ஆட்டுக்குட்டி மேல், உபதேசியாரின் வழுக்கை மேல்.

"ஐ! பனி! பனி!" என்று பிள்ளைகள் குதித்தார்கள். கோஷ்டி மைக் இல்லாமலேயே பாடியது. கொர்ர்ர் இல்லவே இல்லை.

உபதேசியார் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அடங்கிடுச்சே தம்பி! பொங்கல் கழிச்சி கோயில்ல உங்க கல்யாண ஓலை வாசிச்சிடலாம்."

கதையை முடித்த அடைக்கலராஜ், பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் இருதயசெல்வி.

"கோயிலுக்கு. புதுசா வாங்கின செட்டுலயும் போன ஞாயித்துக்கெழமையிலருந்து அதே கொர்ருதான். சாமியார் கூப்ட்டாரு. அதே சைஸுல கெப்பாசிட்டர் ஒன்னு வாங்கி வெச்சிட்டேன்."

ஆன்டனி பாய்ந்து வந்து பையைப் பிடுங்கினார்.

"வேணாம் மாப்ள! பனி பெஞ்சது நெஜந்தான், ஒத்துக்கறேன்! அன்னிக்கி பயத்துல தொண்ட அடச்சி கோஷ்டிய வுட்டவன், போன ஞாயித்துக்கெழமதான் மறுபடி சேந்தேன். அந்தக் கொர்ரு பெட்டியிலருந்து வரல. அது நான் பாடறது!"