முகத்தை மறைத்த சம்மன்

ராஜபாளையத்தில் தவசிமுத்துவைப் பார்க்காமல் ஒரு தெருவைத் தாண்டிவிட முடியாது. பஸ் ஸ்டாண்டு அருகே கும்பிட்டபடி நிற்பார். மார்க்கெட் முனையில் கூலிங் கிளாஸோடு போனில் பேசிக்கொண்டிருப்பார். பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே, எதற்காகவோ, குதிரை மேல் உட்கார்ந்திருப்பார். எல்லாம் பிளக்ஸ் பேனர். ஒரு பிறந்தநாளுக்கு வைத்தது அடுத்த பிறந்தநாள் வரைக்கும் நிற்கும்.

அப்படிப்பட்ட மனிதர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்கத்தான் அரசாங்கம் இரண்டு மாதம் பாடுபட்டது.

விஷயம் இதுதான். தவசிமுத்துவின் கட்டடத்தில் ஹஸீனா வாடகைக்குத் தையல் கடை வைத்திருந்தாள். கல்யாண ஜாக்கெட்டின் முதுகில் மணமக்களின் முகத்தை நூலால் போட்டுக்கொள்வது இப்போது நாகரிகம். அதற்கென்றே கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் வாங்கிப் போட்டிருந்தாள். அந்த இடத்தில் மண்பானை பீட்சா கடை வைக்க யாரோ கேட்டார்கள். ஹஸீனா காலி செய்ய மாட்டேன் என்றாள். தவசிமுத்து பியூஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். மிஷின் நின்றது. பாதி மூக்கோடு மாப்பிள்ளைகள் கடைக்குள் தொங்கினார்கள்.

ஹஸீனா ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், வக்கீல் ஹெப்சிபா மூலமாக ஒரு கோர்ட்டில் வழக்குப் போட்டாள். கோர்ட்டுக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பைக் கேட்காமல் கரண்டு கொடுக்கச் சொல்ல முடியுமா? முதலில் அவருக்குச் சம்மன் போய்ச் சேர வேண்டும். சம்மன் கொடுக்கும் அமீனா இருளப்பசாமி எடுத்துக்கொண்டு போனார். ‘ஆள் வீட்டில் இல்லை’ என்று எழுதிக்கொண்டு திரும்பினார்.

“அண்ணே, அன்னைக்கு அவரு பேத்திக்குக் காதுகுத்துல்லா? கல்யாண மண்டபத்துலல்லா இருந்தாரு!” என்றாள் ஹஸீனா.

“தெரியும்மா. நானும் அங்கனதான் சாப்ட்டேன். ரெண்டாவது வடை அவிய கையாலதான் வச்சாவ.”

“அப்ப அங்கனயே குடுத்திருக்கலாம்லா?”

இருளப்பசாமி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “சம்மன்ல வீட்டு அட்ரஸுல்லா போட்டிருக்கு? பந்தியில வச்சுக் குடுத்தா சட்டம் என்னத்துக்கு ஆகும்?”

ஹெப்சிபா மண்டபத்து முகவரியையும் சேர்த்து மனுப் போட்டார். இருளப்பசாமி அங்கும் போனார். மண்டபம் பூட்டியிருந்தது. அதையும் நேர்மையாக எழுதினார்.

கடைசியில் கோர்ட்டுக்கே பொறுமை போய்விட்டது. எதிர்மனுதாரர் வழக்கமாகக் காணப்படும், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சம்மனை ஒட்டும்படி உத்தரவாயிற்று. இருளப்பசாமி உத்தரவைத் திரும்பத் திரும்பப் படித்தார். தவசிமுத்து வழக்கமாகக் காணப்படும் இடம் எது? யாரைக் கேட்டாலும் பேனரைத்தான் காட்டுவார்கள். ஏணி கொண்டுவந்தார், பசை தடவினார். கீழே வரிசையாக இருக்கும் ஆதரவாளர் படங்களில் ஒட்டினால் ஆளாளுக்குச் சண்டைக்கு வருவார்கள். ஆகவே நடுவில் இருந்த பெரிய முகத்தில், சட்டப்படி, ஒட்டிவிட்டு இறங்கினார்.

இரண்டு மாதம் அகப்படாத மனிதர் மறுநாள் காலையில் கோர்ட் வாசலில் நின்றார். தம் முகம் மறைக்கப்பட்டதற்கு வழக்குப் போட வந்திருந்தார்.

ஹஸீனா ஓடினாள். “அண்ணே, இந்தா நிக்காரு! குடுங்க!”

“எதைக் குடுக்க? சம்மனைத்தான் நேத்தே ஒட்டி முடிச்சாச்சே,” என்றார் இருளப்பசாமி.

உள்ளே தவசிமுத்துவின் வக்கீல் எழுந்தார். சம்மன் தம் கட்சிக்காரரின் கண்கள் மேலேயே ஒட்டப்பட்டதால், அவர் அதைப் படித்திருக்க வழியில்லை என்றார். கோர்ட் பேனரின் போட்டோவை வாங்கிப் பார்த்தது. கண் மறைந்திருந்தது உண்மைதான். அந்தச் சம்மன் செல்லாது, புதிதாக அனுப்பலாம் என்று ஆயிற்று.

“அவர் இங்கேயேதான் நிற்கிறார்!” என்றார் ஹெப்சிபா.

அவர் வேறு வழக்குக்காக வந்திருப்பதால், இந்த வழக்கைப் பொறுத்தவரை அவர் வரவில்லை என்று பதில் கிடைத்தது.

ஹஸீனா ஊர் திரும்பி, பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, கரண்டு இல்லாத கடைக்குள் உட்கார்ந்திருந்தாள். மகாராஜபுரத்துக் கருத்தம்மா வந்து ஷட்டரைத் தட்டினாள். மறுநாள் அவள் மகளுக்கு முகூர்த்தம்.

“ஏட்டி ஹஸீனா! ஜாக்கெட்டு என்னாச்சு?”

ஹஸீனா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இருட்டுக்குள்ளிருந்து, தன் குரலிலேயே சொன்னாள்.

“ஹஸீனா கடையில இல்லையே.”

“எப்ப வருவா?”

“தெரியலையே.”

கருத்தம்மா ஷட்டரை இன்னொரு தடவை ஓங்கித் தட்டினாள்.

“இருக்கட்டும்! அவளைச் சும்மா விட மாட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயி கேஸ் போடுதேன்!” என்று கத்திவிட்டுக் கருத்தம்மா நடந்தாள்.

அந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாக ஹஸீனாவுக்குக் கோர்ட்டின் மேல் நம்பிக்கை வந்தது.